நாற்பத்தாறரை மில்லிமீட்டர்

குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களில்தான் இந்தக் கேள்வி வருகிறது. வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். கூந்தன்குளத்தில் பறவைகள் இருக்காது. கேமரா பை அலமாரியைவிட்டு இறங்காது. கை சும்மா இருக்கும்போது மனம் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறது. பாடி பழசாகிவிட்டதே, இனி எல்லாம் மிரர்லெஸ்தானே, நிக்கானிலேயே இருப்பதா, சோனிக்குப் போய்விடுவதா? மார்கழியில் தண்ணீர் ஏறிக் கூழைக்கடாக்கள் வந்து இறங்கிவிட்டால் இதே கேள்வி இருந்த இடம் தெரியாமல் போகிறது. விடியலில் கரையில் நிற்கும்போது கையில் இருப்பது எந்த வருடத்து மாடல் என்பது நினைவிலேயே இருப்பதில்லை.

அதற்காக இதை வெறும் ஆசை என்று ஒதுக்கவும் முடியவில்லை. போன பருவத்தின் கடைசியில் ஷட்டர் ஓரிரு முறை தடுமாறியது; படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுந்தது. நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தால் மறுநாள் மத்தியானம்வரை வலது தோள் வலிக்கிறது. வியூஃபைண்டரின் அடியில் ஓடும் எண்களைப் படிக்கக் கண் ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. கேமரா, தோள், கண் மூன்றுக்குமே வயதாகியிருக்கிறது. இவற்றில் எது என்னிடம் புதுசு கேட்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

என்னிடம் இருப்பது நிக்கான் டி750. 2014 செப்டம்பரில் வந்த மாடல், 24 மெகாபிக்சல். வந்த அன்று எப்படிப் படம் எடுத்ததோ அப்படியேதான் இன்றும் எடுக்கிறது.

பாடி இரண்டு விதமாகப் பழசாகிறது. ஒன்று தேய்மானம். வியர்வையும் வெயிலும் பட்டுப் பட்டுக் கட்டைவிரல் பதியும் இடத்தில் ரப்பர் ஊதிக் கிளம்பியிருக்கிறது; பசை போட்டு ஒட்டினாலும் சித்திரை வெயிலில் மறுபடி எழுந்துவிடும். உள்ளே ஷட்டர். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, ஒவ்வொரு படத்துக்கும் சென்சாருக்கு முன்னால் விரிந்து ஓடி நிற்கும் பொறி அது. இந்த மாடலின் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. அது ஆயுள் உத்தரவாதம் இல்லை. அதற்கு முன்பே நிற்கலாம், இரண்டு மடங்கும் ஓடலாம்.

இன்னொன்று, பக்கத்தில் புதுசு வந்து நிற்பதால் வரும் பழமை. கேமராவில் எதுவும் கெடவில்லை, ஆனால் அடுத்தவர் கையிலிருப்பது பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. இதை விளம்பரம் என்று நான் தள்ள மாட்டேன். உண்மையான முன்னேற்றம் அது. இறக்கை நுனியில் ஃபோகஸ் விழுந்து கண் மங்கிப்போன படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

ஆனாலும் ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். நன்றாக வந்த படங்களை விட்டுவிட்டு, கைநழுவிய படங்களை மட்டும் எடுத்து, ஏன் நழுவின என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வெளிச்சம், தூரம், நான் நின்ற இடம். நாரை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எந்த கேமராவும் அதைத் திருப்பி நிறுத்தாது. கருவியின் மேல் பழி போடக்கூடியவை ஒரே வகைப் படங்கள்தான்: தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து சட்டெனத் திரும்பும் ஆலாக்கள். டி750இன் ஃபோகஸ் புள்ளிகள் எல்லாம் நடுவில் கூடி நிற்பவை. ஆலா ஓரத்துக்குப் போனால் அங்கே பிடிக்க ஆளில்லை. ஆலாவுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா என்று கேட்டுக்கொண்டபோது, கேள்வியின் பாரம் பாதி குறைந்தது.

ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி அறையில் ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஊதினார், பார்த்தார், மூடினார்.

“ஷட்டர மாத்திரலாம் சார். இப்பம் பார்ட்ஸ் வருது. நாலு வருசம் கழிச்சு வந்து கேட்டீங்கன்னா கைய விரிச்சிருவேன்.”

“மாத்திட்டா எம்புட்டு நாள் ஓடும் அண்ணாச்சி?”

“ஷட்டரு ஓடும். உள்ள போர்டு போச்சுன்னா யாரு பாக்கது? அதையும் யோசிச்சுக்கோங்க.”

*

லென்ஸ்களை எடுத்து வெளியே வைத்தேன். அவற்றின் கணக்கு வேறு.

85 மி.மீ. எஃப்1.8 டி. முகங்களுக்கு என்று வைத்திருப்பது. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால், ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெண்ணிற இழைகள் கிளை பிரிந்து தெரிகின்றன. ஃபங்கஸ். காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் ஒட்டிய தூசியையும் விரல் எண்ணெயையும் தின்று அது வளரும். வளரும்போது விடும் அமிலம் கண்ணாடிமேல் பூசிய கோட்டிங்கை அரிக்கும். சீக்கிரம் பார்த்துத் துடைத்தால் சுவடில்லாமல் போகும். விட்டுவிட்டால் ஃபங்கஸ் போனாலும் தடம் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் எந்த ஊரிலும் லென்ஸின் முதல் எதிரி இதுதான். 40, 50 சதவீதத்தில் நிறுத்தும் டிரை கேபினெட் இல்லாவிட்டால், காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆனால் ஜெல்லை வறுத்து வறுத்துப் போட வேண்டும்; போட்டதை மறந்துவிட்டால் அது வெறும் கல்.

ஓரத்தில் இருக்கும் இந்த இழை முகத்தைக் கெடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் கறுப்பு கொஞ்சம் வெளுக்கிறது.

லென்ஸைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கிறேன். பாடியில் பொருந்தும் உலோக வளையம், மூன்று பக்கமும் மூன்று நாக்கு. உள்ளே ஓரமாக ஒரு சிறு நெம்பு. படம் எடுக்கும் கணத்தில் பாடி அதை விடுவித்தால் அப்பர்ச்சர் இதழ்கள் சுருங்கும், மற்ற நேரம் பாடி அதைப் பிடித்திருப்பதால் முழுக்கத் திறந்தே இருக்கும். வளையத்தின் விளிம்பில், கீறல் போட்ட திருகாணித் தலை ஒன்று. பாடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரு மெல்லிய தண்டைச் சுழற்ற, அந்தத் தண்டு இந்தக் கீறலில் பொருந்தி லென்ஸைத் திருப்புகிறது. அதுதான் இதன் ஆட்டோஃபோகஸ். ‘கர்ர்’ என்று சத்தம் வரும். லென்ஸுக்குள் மோட்டாரே கிடையாது.

மோட்டார் இல்லாததைக் குறையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. உள்ளே மோட்டார் வைத்த என் நீண்ட லென்ஸில் மோட்டார் நின்றுபோனால், உதிரிபாகம் கிடைக்கிறவரைதான் அதற்கு ஆட்டோஃபோகஸ். இந்த 85இல் நின்றுபோக எதுவும் இல்லை. கிரீஸ் காயும், துடைத்துப் புதுசாக வைக்கலாம்.

*

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. மவுண்டுக்கும் ஃபிலிம் இருக்கும் தளத்துக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர். காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் எழுந்து விழ வேண்டுமே, அதற்கான இடம்.

அந்த அளவை அவர்கள் மாற்றவே இல்லை. 1977இல் அப்பர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்க ஒரு விளிம்பு வைத்தார்கள். 80களில் ஆட்டோஃபோகஸ் வந்தபோது அந்தத் திருகாணித் தண்டைச் சேர்த்தார்கள். பிறகு மின் தொடர்புகள், லென்ஸுக்குள் மோட்டார், அப்பர்ச்சர் வளையமே இல்லாத லென்ஸ்கள், கடைசியில் நெம்பும் இல்லாமல் மின்சாரத்திலேயே இதழைச் சுருக்கும் லென்ஸ்கள். தலைமுறைக்கு ஓர் அறை இழுத்துக் கட்டிய பழைய வீடு அது. எந்த வாசலும் எந்த அறைக்கும் முழுசாகப் பொருந்தாது, ஆனால் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

கேனான் வேறு வழியில் போனது. 1987இல் பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு, முழுக்க மின் தொடர்பில் இயங்கும் இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. பழையதன் இடைவெளி 42 மி.மீ., புதியதில் 44. பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்டினால் சென்சாருக்கு இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் தூரத்தில் நிற்கும். நடுவில் லென்ஸ் கண்ணாடி வைக்காத எந்த அடாப்டராலும் தொலைவில் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியாது. எஃப்டி லென்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது பேரிடி. ஆனால் அந்த ஒரே வெட்டில் வந்த ஒழுங்கின் பலனை இன்று கேனான்காரர்கள் அனுபவிக்கிறார்கள்: 1987க்குப் பிறகு வந்த எந்த இஎஃப் லென்ஸும் அடாப்டர் போட்டால் மிரர்லெஸ் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு ஓடும்.

நிக்கானும் 2018இல் வெட்டிவிட்டது. இசட் மவுண்டில் இடைவெளி வெறும் 16 மி.மீ.; எழுந்து விழக் கண்ணாடி இல்லை. எஃப் லென்ஸைப் பொருத்த ஒரு அடாப்டர் தருகிறார்கள். அதில் மின் தொடர்பு உண்டு, நெம்பைத் தள்ளும் பொறி உண்டு, ஆனால் திருகாணியைச் சுழற்றும் மோட்டார் கிடையாது. அதாவது என் 85உம் 50உம் எண்பதிலிருந்து இருநூறுவரை போகும் பழைய ஜூமும் அங்கே கையால் திருகும் லென்ஸ்களாகிவிடும்.

இங்கேதான் என் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டியதாயிற்று. ‘நிக்கானிலேயே இருப்பதா, வேறு அமைப்புக்குப் போவதா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருப்பதென்ற ஒன்று அதில் இல்லை. பெயர்தான் நிக்கான், இசட்டுக்குப் போவதும் வீடு மாறுவதுதான். என்னோடு எந்த லென்ஸ் வரும், எது பாதி உயிரோடு வரும் என்பதே மிச்சம்.

*

46.5 மி.மீ.க்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய மவுண்டுகளில் மிக நீளமான இடைவெளிகளில் ஒன்று அது. அதனால் நிக்கான் எஃப் லென்ஸைக் கேனான், சோனி, ஃபியூஜி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எதன்மேலும் வெறும் உலோக வளையம் ஒன்றை இடையில் வைத்துப் பொருத்திவிடலாம். சோனி இ மவுண்ட் 18 மி.மீ., கேனான் ஆர்எஃப் 20. மீதித் தூரத்தை அந்த வளையம் நிரப்பும். அப்பர்ச்சர் வளையம் உள்ள லென்ஸானால் வேறு உதவியே வேண்டாம். கையால் திருகினால் இதழ் சுருங்கும். வளையம் இல்லாத புது லென்ஸுக்கோ பாடியோடு பேசும் மொழி தெரிந்த அடாப்டர் வேண்டும்.

ஆக என்னிடம் இருப்பவற்றில் எது பழசு? பழையது என்று ஓரமாக வைத்திருந்த 85 எந்த நிறுவனத்தின் வாசலிலும் நுழையும். அண்மைக் காலத்தது என்று மதித்த நீண்ட லென்ஸ்தான், அந்த மொழி தெரிந்த அடாப்டர் இல்லாவிட்டால், ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

*

சித்திரையில் ஊர்ப்பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். கூட வந்த தம்பி தன் மிரர்லெஸ்ஸை அந்த ஓர் இரவுக்கு என் கையில் கொடுத்தார். என் 85ஐ அடாப்டரில் மாட்டிக்கொண்டேன்.

நடுச்சாமம். கணியான் கூத்து முடியும் தறுவாயில் மகுடத்தின் அடி இறுகுகிறது. சாமியாடி பந்தத்தோடு எழுகிறார். வியூஃபைண்டரில் அவர் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண் மட்டும் பெரிதாகி நிற்கிறது. கையால் ஃபோகஸ் செய்வது எனக்கு இவ்வளவு எளிதாக எப்போதும் இருந்ததில்லை. என் கண்ணுக்கு இது பெரிய உபகாரம், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஷட்டரைச் சத்தமில்லாமல் வைத்தபோது மட்டும் படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தன. மின்னணு ஷட்டர் வரிவரியாகப் படிக்கிறது. எல்இடி விளக்கோ நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கிறது. ஒரு வரிக்கு வெளிச்சம், அடுத்ததற்கு இல்லை. தம்பி வந்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக் கொடுத்தார்.

பிறகு கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். இடம் நான் பார்த்துக்கொண்டிருந்ததைவிட மிக இருட்டாக இருந்தது. பந்தம் போன பக்கம் மட்டும் ஒரு கன்னம், ஒரு தோள், வல்லயத்தின் நுனி. மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்காகத்தான் நான் கொடைக்குப் போகிறேன். சின்னத் திரை அதை எனக்கு வெளுத்துக் காட்டிவிட்டது. அமைப்பில் போய் அந்த வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம், தெரியும். ஆனாலும் கண்ணாடி வழியாக வரும்போது இருட்டு இருட்டாகவே வருகிறது. யாரும் எனக்காக அதைத் தீர்மானிப்பதில்லை.

இதோடு சேர்த்து நெடுநாளாக யோசிக்கும் ஒன்று. எஸ்எல்ஆரில் ஷட்டர் திறக்கும் கணத்தில் கண்ணாடி மேலெழுகிறது, வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. படமாகப் பதிந்த அந்தக் கணத்தை எடுத்தவர் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தியதைப் பார்த்தார், பிந்தியதைப் பார்த்தார், நடுவிலிருந்ததை நம்பினார். 1959இலிருந்து கோயில், கல்யாணம், போர்க்களம், காடு என்று எடுக்கப்பட்ட எத்தனையோ எஸ்எல்ஆர் படங்களின் மையத்தில் இப்படிக் கண் மூடிய ஒரு நொடித்துண்டு இருக்கிறது. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் கண்ணாடியும் இல்லை, மெக்கானிக்கல் ஷட்டரும் இல்லை. எடுக்கும்போதும் காட்சி அறுபடாமல் ஓடுகிறது. பறந்து திரும்பும் ஆலாவைப் பின்தொடர அதுதான் சரி. முகத்தை எடுக்கும்போது அந்த இருண்ட துண்டு எனக்கு வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகு என்ன வந்ததென்று தெரியாமல் சிறிது நேரம் எதிரே இருப்பவரோடு இருக்க முடிகிறது.

*

புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1930களின் தொடக்கத்திலிருந்து லைக்காவோடு இருந்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் சமாதியடைந்த நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தார். ‘ஒரே கேமரா, ஒரே லென்ஸ்’ என்று அவரைச் சொல்லிச் சொல்லியே பலர் புதுக் கருவி வாங்குவதைக் குற்றமாக்கிவிட்டார்கள். அவரும் பாடி மாற்றியவர்தான். லைக்காவே 1954இல் திருகு மவுண்டிலிருந்து எம் மவுண்டுக்கு மாறியது. ஆனால் புது மவுண்டின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் குறைத்து வைத்தார்கள், 28.8இலிருந்து 27.8. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய வளையம். அதை மாட்டினால் பழைய லென்ஸ் எந்தக் குறையும் இல்லாமல் புது பாடியில் ஓடும். மாற்றத்தை இவ்வளவு கண்ணியமாகச் செய்த நிறுவனங்கள் குறைவு. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் மாற்றாமல் வைத்திருந்தது 50 மி.மீ. பார்வையை.

நம் மா. கிருஷ்ணன் இதற்கு மறுகோடி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1996இல் இறக்கும்வரை காட்டுயிர் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய கேமராவில் பாடி ஒன்று, டெலி லென்ஸ் வேறொன்று, மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ கழற்றிச் சேர்த்தவை. அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். ‘எந்த சிஸ்டம்?’ என்று அவரிடம் கேட்க முடிந்திருக்காது. யானைக்கு எவ்வளவு அருகில் போகலாம், எந்த வெளிச்சத்தில் அதன் தோல் கறுப்பு வெள்ளையில் தோலாகவே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தேவையைச் சுற்றித்தான் இரும்பும் கண்ணாடியும் கூடின. கருவியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவரைத்தான் பிடிக்கிறது.

நிறுவனத்தின் பெயரை நம்பிக் கிடப்பதில் பொருளில்லை என்பதற்கு ஊட்டிவரை சாட்சி உண்டு. 1960இல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இன்று மூடிக் கிடக்கிறது. மினோல்டா 2006இல் கேமராத் தொழிலைவிட்டுப் போனது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021இல் கைமாறியது. எதையும் காலத்துக்கும் நிற்குமென்று நம்பி வாங்க முடியாது.

*

தோளுக்கு வருகிறேன். மிரர்லெஸ் என்றால் எடை குறைவு என்பார்கள். தராசில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். டி750 பேட்டரியோடு 840 கிராம். இசட்8 பேட்டரியோடு 910. நான் தூக்கும் 200-500 லென்ஸ் காலரோடு 2,300 கிராம். அதன் இடத்தில் வந்த மிரர்லெஸ் 180-600 காலரோடு 2,140. லட்சக்கணக்கில் கொடுத்துப் பாடி வாங்கி, லென்ஸுக்கும் தனியாகக் கொடுத்த பிறகு தோளுக்குக் கிடைப்பது நூறு கிராம்கூட இல்லை.

உண்மையாகவே இலேசானது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். ஓஎம்-1 பாடியும் அதன் 300 மி.மீ. லென்ஸும் காலர் உட்பட இரண்டு கிலோ சொச்சம். பார்வையோ 600 மி.மீ.க்கு நிகர். ஆனால் சென்சாரின் பரப்பு முழு ஃபிரேமில் நாலில் ஒரு பங்கு. கூந்தன்குளத்தில் எனக்குப் பிடித்த வெளிச்சம் சூரியன் எழுவதற்கு முந்தியது. வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் உடம்பை அசைக்கத் தொடங்கும் நேரம். அங்கே அந்த நாலில் ஒரு பங்கு எனக்குப் போதாது.

கையின் கணக்கும் இருக்கிறது. நிக்கான் லென்ஸை மாட்டுவதும் கழற்றுவதும் கேனானுக்கு எதிர்த் திசை. ஃபோகஸ் வளையமும் அப்படித்தான். பட்டைத்தலை வாத்துக் கூட்டம் எழும்பும்போது விரல் யோசிப்பதில்லை, பழகிய பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அழித்து எழுத ஒரு பருவமாவது போகும். கடையில் போடும் எந்தக் கணக்கிலும் இந்தப் பருவம் வராது.

*

அலசிப் பார்த்ததில் ஒரு லென்ஸ்தான் மீண்டும் மீண்டும் முன்னால் வந்து நிற்கிறது. நிக்கான் 2015இல் கொண்டுவந்த 300 மி.மீ. எஃப்4, பிஎஃப் வகை. ஒரு கண்ணாடியின் மேல் வட்ட வட்டமாக நுண்ணிய பள்ளங்கள் செதுக்கி, பல கண்ணாடிகள் செய்யும் வேலையை அதில் அடக்கியிருக்கிறார்கள். எடை 755 கிராம். அதே அளவுள்ள முந்தைய லென்ஸில் ஏறக்குறையப் பாதி. 190 கிராமில் ஒரு டெலிகன்வெர்ட்டர் சேர்த்தால் 420 மி.மீ. 2016இல் வந்து, பிற்பாடு நிறுத்தப்பட்ட டி500 பாடி செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. அது சிறிய சென்சார் என்பதால் பார்வை 630 மி.மீ.க்கு நிகர். ஃபோகஸ் புள்ளிகள் ஃபிரேமின் ஓரம்வரை பரவியவை, ஆலா இனி ஓரத்துக்குப் போனாலும் பிடிக்க ஆளுண்டு. திருகாணித் தண்டும் உண்டு, என் 85 அதிலும் ஓடும். என் பேட்டரிகளும் அதில் பொருந்தும். எல்லாம் சேர்த்து 1,805 கிராம். இப்போது தூக்குவது 3,140.

எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால் எஃப் மவுண்டுப் பொருள்கள் சந்தையில் விலை இறங்கி நிற்கின்றன. போகிறவர்கள் விட்டுச் செல்வதில் நல்லது நிறைய இருக்கிறது.

ஆகவே லென்ஸை முதலில் வாங்குவேன், பாடியைப் பிறகு. லென்ஸ் டி750இலேயே ஓடும். டி500 கைக்கு வருமுன் அதற்கும் காலம் முடிந்துவிட்டால், இந்த லென்ஸ் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு இசட் பாடிக்குப் போகும். ஆற்றைக் கடக்கத் தெரிந்ததை முன்னால் அனுப்புகிறேன். 85இன் சுதந்திரம் இதற்கு இல்லை. அப்பர்ச்சர் வளையம் கிடையாது, நிக்கானை விட்டால், மொழி தெரிந்த அடாப்டர் இல்லாமல் இதற்குப் பேசத் துணையில்லை. அதை அறிந்தே வாங்குகிறேன்.

மதுரையில் ஒருவர் விற்கிறார். பணம் கொடுக்குமுன் ஒரு சாயங்காலம் குளத்தங்கரையில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த வகைக் கண்ணாடியில் எதிர்வெளிச்சம் நேராக விழுந்தால் ஒளியைச் சுற்றி வண்ண வளையம் வரும். நான் எடுப்பதில் பாதி எதிர்வெளிச்சம். தண்ணீரில் சூரியன் மின்னும் பக்கமாகவே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து ஃபங்கஸ் பார்க்க வேண்டும். மோட்டாரின் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும்.

டி750ஐ ஐப்பசி மழைக்கு முன் அண்ணாச்சியிடம் கொடுத்து ஷட்டரை மாற்றிவிடுகிறேன். அது இனி 85க்கும் கொடைகளுக்கும். 200-500ஐக் கேட்டுத் தென்காசியிலிருந்து ஒரு பையன் பேசினார். படிப்பை முடித்துவிட்டுப் பறவை எடுக்கத் தொடங்கியிருக்கிறார், செகண்ட் ஹேண்டில் ஒரு எஃப் மவுண்ட் பாடி வாங்கி வைத்திருக்கிறாராம். அவரிடம் என்ன விலை சொல்வது என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.